கொம்புக்கு ஒரு கட்டம்

ஸ்ரீரங்கத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு நானும் என் மனைவியும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் ஏழு வண்டிகள், அவற்றில் மூன்று ஆட்டோ. என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தியவள். கண்ணில் படும் பலகையையெல்லாம் வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். எங்காவது ஒற்று விட்டுப்போயிருந்தால் கடைக்காரரைப் பஸ்ஸில் இருந்தபடியே திட்டுவாள். அன்றும் படித்தாள்.

“பாட்டு வளையல் கடை. பாருங்க, பாட்டுக்குக்கூடக் கடை போட்டுட்டாங்க. ஒரு டஜன் வளையல் வாங்கினா ஒரு பாட்டு இலவசமோ என்னவோ.”

பின் சீட்டில் இருந்த பெண்மணி சிரித்துவிட்டார். நானும் சிரித்தபடி எட்டிப் பார்த்தேன். பலகையில் ‘பொட்டு வளையல் கடை’ என்று இருந்தது. மஞ்சள் பெயின்டில் எழுதிய ‘பொ’வின் கொம்பு என் உள்ளங்கை அகலம் இருக்கும். மறைப்பாக ஒரு மரம் இல்லை, கம்பம் இல்லை.

சிரிப்பை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். கைகள் மட்டும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

ஏனென்றால் அரை மணி நேரத்துக்கு முன்புதான் டாக்டர் என்னிடம் தனியாகப் பேசியிருந்தார். கோடையில் அவளுக்கு மூளையில் சின்ன அடைப்பு வந்தது. இடது கை துவண்டு, பிறகு மெல்லத் திரும்பி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். நர்ஸ் அவளை எடை பார்க்க அழைத்துப்போன இடைவெளியில் டாக்டர் சொன்னார்: “சார், கண்ணு நல்லாத்தான் இருக்கு. இடது பக்கம் இருக்கிறத மூளை வாங்கிக்க மாட்டேங்குது. கஷ்டம் என்னன்னா, எதையோ விடுறோம்னு அவங்களுக்கே தெரியாது. சாப்பிடறப்ப தட்டுல இடது பக்கம் மிச்சம் வைக்கிறாங்களான்னு கவனிங்க.”

கவனிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் தட்டில் வைத்த மூன்று இட்லியில் ஒன்று மிச்சமாகிக்கொண்டிருந்தது. பசியில்லை போலும் என்று நினைத்திருந்தேன். மிஞ்சியது ஒவ்வொரு நாளும் இடப்பக்கத்து இட்லிதான் என்பது டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பாலக்கரையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் உபதேசியார் சைக்கிளோடு நின்றிருந்தார். எங்கள் பங்குக் கோவிலில், அதாவது சர்ச்சில், பூசை ஏற்பாடுகளைக் கவனிப்பவர். கையில் பைபிள் வாசகத்தின் ஜெராக்ஸ் தாள்.

“டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமை திருவிழாப் பூசை. முதல் வாசகம் வழக்கம்போல நீங்கதானே?”

நான் வாய் திறப்பதற்குள், “இதுக்கு ஒரு கேள்வியா தம்பி? குடுங்க” என்று அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

அவள் குளிக்கப் போனதும் நான் அந்தத் தாளை எடுத்து எண்ணினேன். கொம்பில் தொடங்கும் சொற்கள் பத்தொன்பது. அவற்றில் வரியின் முதல் சொல்லாக நிற்பவை ஆறு. ‘தோள்’ மட்டும் மூன்று இடத்தில் வருகிறது. கொம்பை விட்டால் அது ‘தாள்’. ‘தேர்’ என்ற சொல் கொம்பை இழந்தால் ‘தர்’ என்று இடறும். படிப்பவருக்கே சந்தேகம் வரும். ‘தோள்’ அப்படி இடறாது. ‘கோடு’ காடாகும், ‘சோறு’ சாறாகும், ‘கோல்’ காலாகும். ஒவ்வொன்றும் நல்ல தமிழ்ச்சொல். அதனால் அவள் தயக்கமில்லாமல், கணீரென்று, மைக்கில் தப்பாகப் படிப்பாள். முன் பெஞ்சுகளில் அவளிடம் குட்டு வாங்கித் தமிழ் படித்த பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தேன்.

“இந்த வருஷம் வேற யாரையாவது படிக்கச் சொல்லலாமே. உனக்குக் களைப்பா இருக்கும்.”

“எனக்கா? உங்களுக்குத்தான் எதைப் பார்த்தாலும் களைப்பு.” ரசத்தைக் கரண்டியால் கலக்கியபடி சொன்னாள்: “வருஷம் பூரா நான் மாத்திரை சாப்பிடுற ஆளுங்க. அந்த ஒரு நாள்தான் எழுந்து நிக்கிற ஆளு. அதுல கை வைக்காதீங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சென்னையிலிருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். “அப்பா, இதுக்கெல்லாம் ஆப் இருக்கு, அனுப்புறேன்” என்றாள். அனுப்பினாள். ஆங்கிலத்தில் புள்ளிகளைத் தொடும் விளையாட்டு. எனக்குத் தேவைப்பட்டது வேறு. கொம்பை அவள் எங்கே விடுகிறாள், எந்த இடத்தில் வைத்தால் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் ‘கோ’ என்று தட்டினால் கொம்பும் எழுத்தும் காலும் ஒட்டிப் பிறந்ததுபோல வந்து நிற்கின்றன. கொம்பை மட்டும் கழற்றி ஓரிடத்தில் வைக்க அது விடாது.

அப்போதுதான் பரணில் கிடந்த கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. நான் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவன். எங்கள் துறைக்கு முதன்முதலாக வாங்கிய கம்ப்யூட்டர் அது. கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம், திரைக்குப் பதில் டிவியில் செருக வேண்டும். பழைய சாமான்களை ஏலம் விட்டபோது நான் எடுத்து வந்தேன். அதில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்தத் திரை குறுக்கே நாற்பது கட்டம், நெடுக்கே இருபத்தைந்து வரி. ஆயிரம் கட்டங்கள். ‘பிரிண்ட் டேப்’ என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் இரண்டு எண் கொடுத்தால், இடமிருந்து அத்தனையாவது கட்டத்தில், மேலிருந்து அத்தனையாவது வரியில் எழுத்தை வைக்கும். முன்னும் போகாது, பின்னும் போகாது. ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். நமக்கு முதல் கட்டம் என்பது அதற்குப் பூஜ்யமாவது கட்டம்.

தமிழ் அதற்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் எட்டுக்கு எட்டு புள்ளிகளில் நாமே வரைந்து, வரிசைக்கு ஓர் எண்ணாக எட்டு எண் கொடுக்க வேண்டும். கொம்பு ஒரு கட்டம், ககரம் ஒரு கட்டம், துணைக்கால் ஒரு கட்டம். இலக்கணத்தில் ‘கோ’ ஓரெழுத்து. இந்த மெஷினுக்கு மூன்று. எனக்கு வேண்டியதும் அதுதான்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்டி டிவியை ஏற்றி வைத்தேன்.

“மறுபடியும் இந்தக் கழுதையை இறக்கிட்டீங்களா?” என்றாள்.

“டாக்டர் சொன்ன ஞாபகப் பயிற்சி. வார்த்தை வரும், படிக்கணும். அவ்வளவுதான்.”

திரை அவளைப் பார்த்திருந்தது. நான் மேஜையின் பக்கவாட்டில் கீபோர்டோடு உட்கார்ந்தேன். என் கண்ணாடி கிட்டத்தில் படிக்க மட்டும். அதைப் போட்டுக்கொண்டால் டிவி மங்கல். வரைகட்டத் தாளில் எந்தச் சொல்லை எங்கே வைக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத் தட்டுவேன், பிறகு அவள் வாயைப் பார்ப்பேன்.

கோடு என்று இடது ஓரத்தில் வைத்தேன். “காடு” என்றாள். அதை எதிர்பார்த்திருந்தேன். நடுவில் வைத்தேன். “காடு.” முப்பத்தாறாவது கட்டத்துக்குத் தள்ளினேன், திரையின் வலது கோடி. அங்கேயாவது கொம்பு தெரியும், வாசகத் தாளை மேடையில் வலது பக்கமாக நகர்த்தி வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“காடு” என்றாள் அவள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் திரையின் இடது பக்கத்தை விடவில்லை. சொல்லின் இடது பக்கத்தை விடுகிறாள். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அந்தச் சொல்லுக்கு ஓர் இடது பக்கம் இருந்தே தீரும்.

சோறு, தோள், கோல் என்று மாற்றி மாற்றி வைத்தேன். சாறு, தாள், கால் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாவது சொல்லில் அவள் நிறுத்தினாள்.

“என்னங்க இது, எல்லாத்துலயும் துணைக்காலாவே பொறுக்கிப் போட்டிருக்கீங்க? வேற எழுத்தே கிடைக்கலையா?”

நான் பொறுக்கிப் போட்டதெல்லாம் கொம்பு. அவள் முன்னால் வரிசையாக நின்றதெல்லாம் கால். முப்பத்தொரு வருட வாத்தியார் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பாளா?

“பேசுங்க. எதை மறைக்கிறீங்க?”

திரையைத் துடைத்தேன். இருபதாவது கட்டத்தில் இரட்டைக்கொம்பை மட்டும் தனியாக வைத்தேன்.

“இது என்ன?”

“கொம்பு. எழுத்தைக் காணோமே.”

நான்கு கட்டம் தள்ளி ககரத்தையும் காலையும் டுவையும் வைத்தேன். அவள் ‘காடு’ என்றாள். பிறகு அந்த மூன்றையும் ஒவ்வொரு கட்டமாகக் கொம்பை நோக்கி இழுத்து வந்தேன். மூன்று கட்ட இடைவெளி. இரண்டு. ஒன்று. கடைசியாக ஒட்டினேன்.

“இப்ப?”

“காடு. கொம்பை எதுக்கு அழிச்சீங்க?”

“அழிக்கலைம்மா. இருக்கு.”

அவள் எழுந்து வந்து டிவியின் கண்ணாடியில் வலது ஓரத்திலிருந்து விரலை இழுத்துக்கொண்டே போனாள். டு. கால். ககரம். விரல் அங்கே நின்றது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினேன். அவள் கண் விரலைத் தொடர்ந்து வந்தது. வந்து பார்த்தது.

ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை.

“முதல்லேர்ந்தே இங்கதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“பஸ்ல பார்த்தது?”

“பொட்டு.”

“அந்தப் பொம்பளை அதுக்கா சிரிச்சா?”

“அவங்க உன் ஜோக்குக்குச் சிரிச்சாங்க.”

“நீங்க?”

நான் கீபோர்டுப் பக்கம் திரும்பினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் எனக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை. உபதேசியாரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். வாசல்படியில் அவள் குரல் பிடித்து நிறுத்தியது.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் இந்த வீட்ல பேசவே மாட்டேன். வந்து உட்காருங்க. அந்தக் கழுதையைப் போடுங்க.”

டாக்டருக்குப் போன் செய்தேன். வரியின் இடப்பக்கம் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னார். கண் முதலில் சிவப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். பழக்கினால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் காதில் நின்றது.

முதலில் திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இழுத்துப் பார்த்தேன். சொல்லுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு வயல் அகலம் இடம் கிடந்தது. சிவப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும் கண் மறுபடி ககரத்தில்தான் இறங்கியது. வெள்ளிக்கிழமை வரை அவள் பாதிக்குப் பாதி தப்பாகவே படித்தாள். சிவப்பைச் சொல்லின் இடப்பக்கத்திலேயே ஒரு கட்டத்தை நிரப்பும் கட்டையாக வைப்பது என்று முடிவு செய்து, வரைகட்டத் தாளில் குறித்து, சனிக்கிழமை காலையில் பாதி தட்டியிருந்தேன். கரண்ட் போய்விட்டது. அந்த மெஷினில் கரண்ட் போனால் தட்டியதெல்லாம் போகும். மத்தியானம் கரண்ட் வந்தபோது மணி இரண்டரை. மறுநாள் காலை ஏழரைக்குப் பூசை.

எல்லாவற்றையும் அவசர அவசரமாக மறுபடி தட்டினேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். முதல் சொல்லை வைத்தேன்.

“காடு” என்றாள்.

“சிவப்பைத் தேடும்மா.”

“சிவப்பு இருக்கு. தேடிப் பிடிச்சுட்டேன். காடு.”

அடுத்தது. “சாறு.” அடுத்தது. “தாள்.” அடுத்தது. “கால்.” வெள்ளிக்கிழமை பாதியாவது சரியாக வந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை.

“சரியாப் பாரு. சிவப்புக்கு அப்புறம் என்ன?”

“ககரம். அப்புறம் கால்.”

“இல்லை.”

“இருக்கு.”

“ஏம்மா, அதுல கொம்பு இருக்கு. நான்தானே தட்டினேன், எனக்குத் தெரியாதா?”

“இல்லாத கொம்பை இருக்குன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“அப்ப உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொல்லிடுவோம்” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சிவந்தது. பின்பு மிக நிதானமாக, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசும் குரலில் சொன்னாள்.

“எழுந்து வாங்க. அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு இங்க வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு சிவப்புக் கட்டை. அதை ஒட்டி ககரம், கால், டு. கொம்பு இல்லை. எங்கேயும் இல்லை.

வரைகட்டத் தாளை எடுத்துப் பார்த்தபிறகுதான் விளங்கியது. தாளில் நான் கட்டங்களை ஒன்றிலிருந்து எண்ணிக் குறித்திருந்தேன். கொம்பு பதினோராவது கட்டம், சிவப்பு பத்தாவது. மெஷினுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். சொல்லுக்குக் குறைத்துப் பத்து என்று கொடுத்தேன். சிவப்புக்குக் குறைக்க மறந்து அதையும் பத்தென்றே கொடுத்துவிட்டேன். கொம்பு நின்ற அதே கட்டத்தில் சிவப்புக் கட்டை போய் உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. நான்கு சொல்லிலும் அப்படியே. அவள் திரையில் இருந்ததை இருந்தபடியே படித்திருக்கிறாள்.

“பூஜ்யத்தை மறந்துட்டேன்” என்றேன்.

“யாரு? எத்தனை பிள்ளைங்களைப் பூஜ்யத்துலேர்ந்து எண்ணலன்னு பெஞ்சு மேல நிறுத்தி வெச்சீங்க?” இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “ஏறுங்க பெஞ்சு மேல.”

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிவப்பைப் பிடித்திருக்கிறாள், அதற்கடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள், கொம்பு இல்லை என்பதை அடித்துச் சொல்லியிருக்கிறாள். இருந்தால் பார்த்திருப்பாளா?

நான்கு இடத்திலும் பத்தை ஒன்பதாக மாற்றினேன். இந்த முறை கீபோர்டுக்குத் திரும்பாமல் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அவள் கண் சிவப்புக்குப் போனது. நின்றது.

“கோடு” என்றாள்.

“சோறு. தோள். கோல்.”

அதன்பிறகு கீபோர்டுக்குத் திரும்பி, விளக்கு வைக்கும் நேரம் வரை இருபத்திரண்டு சொல் வைத்தேன். மூன்றைத் தவறவிட்டாள். மூன்று என்பது பெரிய எண் என்று எனக்குப் பட்டது. அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வலது பக்கத் தூணருகே உட்கார்ந்தேன். தாளில் சிவப்பு மையால் ஓரத்தில் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். அவள் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளாமலேயே வாசகமேடைக்குப் போனாள். அங்கே பெரிய வாசகப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. அதன் நடுவில் பக்க அடையாளத்துக்காக நான்கு நிறத்தில் நாடாக்கள் தொங்கும். அவள் சிவப்பு நாடாவை மட்டும் பிரித்தெடுத்து, வரிகளின் இடது ஓரத்தில் நேராக இழுத்து வைத்தாள். நிமிர்ந்து ஒருமுறை கோவிலைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

முதல் தோள் தோளாகவே வந்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. அப்போது பக்கத்திலிருந்த பெரிய மின்விசிறி அவள் பக்கம் திரும்பியது. நாடா பறந்து பக்கத்தின் நடுவே விழுந்தது.

“தா” என்றது மைக்.

அதோடு நின்றது. கோவிலில் ஒரு குழந்தை இருமியது. முன் பெஞ்சில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. நான் விநாடிகளை எண்ணினேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு. அவள் கண் பக்கத்தில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு. அவளுடைய இடது கை, கோடையில் துவண்டு கிடந்த அந்தக் கை, மேடையின் விளிம்பிலிருந்து மெதுவாக எழுந்து வந்தது. நாடாவைப் பிடித்து மறுபடி ஓரத்துக்கு இழுத்தது. அதன்மேலேயே ஆள்காட்டி விரல் அழுத்தி நின்றது.

“தோளின்மேல்” என்று படித்தாள். பிழையைத் திருத்தும் வாத்தியார் குரலில், ஒவ்வோர் எழுத்தாக. விரல் வரிக்கு வரி இறங்கியது. மூன்றாவது தோளும் கடந்தது. வாசகம் முடிந்து அவள் இடத்துக்குத் திரும்பி உட்காரும்வரை நான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் உபதேசியார் ஓடி வந்தார்.

“டீச்சர், நடுவுல ஒரு நிமிஷம் நின்னுட்டீங்களே, தண்ணி கொண்டு வரலாமான்னு பார்த்தேன்.”

“தண்ணி இல்ல தம்பி, கொம்பு” என்றாள். அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைகூட மாற்றாமல் டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். இட்லியை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள்.

“போடுங்க. நேத்து மூணு விட்டேன்.”

“நான் சொல்லவே இல்லையே.”

“நீங்க எண்ணுறப்ப உதடு அசையும். எத்தனை வருஷமாப் பார்க்கிறேன்.” திரையில் முதல் சொல் வந்ததும் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தாள். “அந்தச் சிவப்பை இன்னும் ஒரு கட்டம் தள்ளி வைங்க. கொம்பு மேலயே இடிச்சுக்கிட்டு நிக்குது. மூச்சு விட இடம் வேணாமா அதுக்கு?”

ஒன்பதை எட்டாக்கினேன்.